ஐஸ்லரின் ஹாலிவுட் பாடல்களுக்கு அரை வரி போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவில் தஞ்சமடைந்த ஜெர்மானியக் கலைஞர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். நாடகாசிரியரும் கவிஞருமான பிரெக்டுக்கும் நாவலாசிரியர் தாமஸ் மன்னுக்கும் தாராளமாக இடம் கொடுத்த கட்டுரையாளர், ஹான்ஸ் ஐஸ்லரை மட்டும் 'பிரெக்டின் நாடகங்களுக்கு இசையமைத்தவர், பின்னாளில் கிழக்கு ஜெர்மனியின் தேசிய கீதத்துக்கு மெட்டமைத்தவர்' என்று அரை வரியில் கடந்துவிட்டார். சொன்னது இரண்டும் உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் அவர் எழுதியவற்றுள் ஆகச் சிறந்ததைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1898இல் லைப்சிக்கில் பிறந்து, வியன்னாவில் வளர்ந்து, இசையமைப்பாளர் ஷேன்பெர்க்கிடம் பயின்றவர் ஐஸ்லர். 1942 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்தார். பிழைப்புக்குத் திரைப்பட இசை. அதிலும் இரண்டு முறை ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். அதே ஆண்டு மே மாதம் தொடங்கி 1943 இறுதி வரை ஐம்பதுக்கு அருகில் சிறு சிறு பாடல்களையும் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்கள் ஷூபெர்ட், ஷூமன் வழியில் வந்த கலைப்பாடல்கள்: ஒரு குரல், ஒரு பியானோ, ஒரு கவிதை, அவ்வளவுதான். எந்த ஸ்டூடியோவும் கேட்டு எழுதியவை அல்ல. 'ஹாலிவுட் பாடல் புத்தகம்' என்று அவற்றுக்குப் பெயரிட்டார்.

ஒரு பாடலைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பிரெக்ட் ஸ்காண்டிநேவிய நாடுகளில் தஞ்சம் புகுந்திருந்தபோது எழுதிய, ஒரு சிறிய வானொலிப் பெட்டியை விளித்துப் பேசும் கவிதை அது. வால்வு உடைந்துவிடக் கூடாதே என்று வீட்டிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து ரயிலுக்கும் அந்தப் பெட்டியைப் பத்திரமாகச் சுமந்து வந்திருக்கிறான் ஓர் அகதி. இப்போது அது அவன் படுக்கையருகே இருக்கிறது. இரவில் கடைசியாகவும் காலையில் முதலாகவும் அதில் கேட்பது எதிரிகளின் குரலைத்தான், அவர்களுடைய வெற்றிச் செய்திகளைத்தான். இருந்தாலும், திடீரென்று ஊமையாகிவிடாதே, எனக்கு வாக்குக் கொடு என்று அதனிடம் கேட்கிறான். இந்த வரிகளுக்கு ஆவேசமாக இசையமைப்பது எளிது. ஐஸ்லரோ கனிவான, எவரும் முணுமுணுக்கக்கூடிய ஒரு மெட்டைக் கொடுத்தார். எதிரியின் குரலையாவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிலைக்கு ஒரு மனிதன் வந்துவிட்டதை அந்தக் கனிவு எவ்வளவு துல்லியமாகக் காட்டிவிடுகிறது! 1987இல் ஆங்கிலப் பாடகர் ஸ்டிங் இதே மெட்டை எடுத்து, வேறு சொற்களைப் போட்டு, 'தி சீக்ரெட் மேரேஜ்' என்று பாடினார். ஸ்டிங்கைக் கேட்டு ரசித்த நம்மவர்கள் பலர், ஐஸ்லரின் பெயர் தெரியாமலேயே அவருடைய மெட்டைக் கேட்டிருக்கிறார்கள்.

பிரெக்ட் மட்டுமல்ல. கேதே, ஐகன்டார்ஃப், ஹோல்டர்லின் கவிதைகளும் இத்தொகுப்பில் உண்டு. ஹோல்டர்லின் மறைந்த நூற்றாண்டு 1943இல் வந்தது. நாஜிகள் அவரைத் தங்கள் கவிஞராகக் கொண்டாடி, போர்முனை வீரர்களுக்கென்று தனிப் பதிப்பே அச்சிட்டார்கள். அதே ஆண்டில் கலிஃபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு ஐஸ்லர் அதே கவிஞரை எடுத்து, நீண்ட கவிதைகளைத் தயங்காமல் வெட்டி, தனக்கு வேண்டிய சில வரிகளை மட்டும் வைத்துப் பாடலாக்கினார். ஹைடல்பர்க் நகரைப் போற்றும் கவிதையை ஷூபெர்ட்டுக்குக் காணிக்கையாக்கினார். தன் மொழியையும் இசையையும் அந்தக் கொலைகாரர்களுக்கு விட்டுக்கொடுக்க மறுத்த செயல் அது என்றே நான் நினைக்கிறேன். ஐஸ்லரை வெறும் கம்யூனிஸ்ட் கட்சிப் பாடல்காரர் என்று ஒதுக்குகிறவர்கள் இந்தப் பாடல்களைக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

கர்நாடக இசையில் ஊறிய காதுக்கு இவை முதலில் பிடிபடாமல் போகலாம். பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடி, சங்கதிகளால் வளர்த்துச் செல்வதற்கு நாம் பழகியவர்கள். ஐஸ்லர் ஒரு வரியைச் சொன்னால் பெரும்பாலும் ஒரு முறைதான் சொல்வார். பல பாடல்கள் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கவிதையின் பொருளை முதலில் படித்துக்கொண்டு, பிறகு இரண்டு மூன்று முறை கேட்பதுதான் வழி.

இவ்வளவு நல்ல பாடல்கள் ஏன் மறக்கப்பட்டன? 1947இல் அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரித்த பிரதிநிதிகள் சபைக் குழு ஐஸ்லரைக் கூண்டில் ஏற்றியது. 'இசையுலகின் கார்ல் மார்க்ஸ்' என்று அவருக்குப் பட்டம் கட்டினார்கள். உடன்பிறந்த அக்காள் ரூத் ஃபிஷரே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். சாப்ளினும் ஐன்ஸ்டைனும் ஆதரவாக நின்றும் பயனில்லை. 1948 மார்ச்சில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கிழக்கு பெர்லினில் குடியேறி 1949இல் தேசிய கீதத்துக்கு இசையமைத்தார். அந்த ஒரு கீதத்துக்காகவே மேற்கு ஜெர்மனியின் மேடைகள் நெடுங்காலம் அவரைத் தீண்டவில்லை. கிழக்கிலாவது நிம்மதியாக விட்டார்களா? சாத்தானிடம் ஆன்மாவை விற்ற ஃபாஸ்டின் கதையை வைத்து ஓபராவுக்காக அவர் எழுதிய உரைநூலைக் கட்சிக்காரர்கள் 1953இல் கிழிகிழியென்று கிழித்தார்கள். அதற்கு அவர் இசையமைக்கவே இல்லை. ஹாலிவுட் பாடல்கள் 1950களிலிருந்து வேறு பாடல்களோடு கலந்து, பல தொகுதிகளில் சிதறி அச்சேறின. ஒரே புத்தகமாக அவற்றைப் பார்க்கும் வாய்ப்பின்றி 1962இல் அவர் காலமானார்.

மீட்பு மெதுவாகத்தான் நடந்தது. மேற்கின் மாபெரும் பாடகரான டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ் 1980களில் ஐஸ்லரின் பாடல்களை இசைத்தட்டாக்கியது ஒரு திருப்பம். 1998இல், வைமாரில் பிறந்து கிழக்கில் வளர்ந்த மத்தியாஸ் கேர்னெ, பியானோவில் எரிக் ஷ்னைடர் துணையிருக்க, 'ஹாலிவுட் பாடல் புத்தக'த்தையே ஒரு தட்டில் பாடி வெளியிட்டார். நாஜிகள் 'சீரழிந்த இசை' என்று முத்திரை குத்தியவற்றை மீட்பதற்காக டெக்கா நிறுவனம் நடத்திய வரிசையில் அது வந்தது. இன்று பல நாட்டுப் பாடகர்கள் இவற்றை மேடையில் பாடுகிறார்கள்.

தமிழில் பிரெக்டின் நாடகங்கள் மேடையேறியிருக்கின்றன, கவிதைகள் மொழிபெயர்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் சில பாடலாகவும் வாழ்கின்றன என்பதை நம் வாசகர்கள் அறிய வேண்டாமா? இந்தப் பாடல்களைப் பற்றி, இசை தெரிந்த ஒருவரைக் கொண்டு தனிக் கட்டுரை எழுதச் செய்யுங்கள். ஐந்தாறு கவிதைகளை ஜெர்மனிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்து உடன் வெளியிட்டால் இன்னும் நல்லது. சென்னை மாக்ஸ்முல்லர் பவன் ஒரு பாடகரையும் பியானோ கலைஞரையும் அழைத்து ஒரு மாலைக் கச்சேரி நடத்தினால், வெளியூரிலிருந்து வருவோரில் நானும் ஒருவனாக இருப்பேன். அதுவரை கேட்க விரும்புகிறவர்கள் கேர்னெயின் பதிவில் வானொலிப் பெட்டிப் பாடலில் தொடங்கலாம். அடுத்து ஹைடல்பர்க் பாடல். அதே தொகுப்பில் தற்கொலையைப் பற்றி வரும் பாடலைக் கொஞ்சம் தள்ளிவைத்து, மனம் தெளிவாக இருக்கும் நாளில் கேளுங்கள்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்