மேலவாசலிலிருந்து சீர்காழி வரை: நம் வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு மாதக் கூட்டம் பதினொன்று நடந்தது. நவம்பர் கூட்டம் மட்டும் அடைமழையால் நடக்கவில்லை. செயற்குழு ஐந்து முறை கூடியது. புதிதாக 19 பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் 7 பேர் ஆட்டோ ஓட்டுநர்கள். நாம் கூடும் இடத்துக்கு எதிரிலேயே இத்தனை காலமாக ஸ்டாண்ட் இருந்தும் இதுவரை ஒருவர்கூட உறுப்பினராகச் சேர்ந்ததில்லை. இந்த ஆண்டு அது மாறியதற்குக் காரணம், ஆட்டோக்களில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பிப்ரவரியில் நாம் போன பயணம். ஆகவே இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

நம் மன்னார்குடிக்கும் நடமாடும் நூலகத்துக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரிந்ததுதான். 1931 அக்டோபரில் மேலவாசலில் மாட்டு வண்டி நூலகம் தொடங்கப்பட்டது. அதற்குப் பாடுபட்டவர் ஓய்வுபெற்ற பொறியாளர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை. அப்போது சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகத் துறைக்கான தம் ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே ஆண்டுதான். இதையெல்லாம் போன ஆண்டு ஒரு மாதக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஸ்டாண்ட் அண்ணன் ஒருவர், "மாட்டு வண்டி போன ஊருக்கு ஆட்டோ போகாதா சார்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் பிறந்ததுதான் இந்தப் பயணம். அது செயற்குழு யோசித்துக் கண்டுபிடித்த திட்டம் அல்ல என்பது ஆவணத்தில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மாட்டு வண்டி நூலகம் தொடங்கிய அக்டோபர் 21 அன்றே கிளம்ப வேண்டும் என்று சிலர் ஆசைப்பட்டார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் அந்த நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். ஆட்டோவுக்குப் பக்கவாட்டில் இருப்பது ரெக்சின் திரை மட்டுமே. புத்தகக் கட்டுகளோடு மழையில் மாட்டினால் எல்லாம் போச்சு. பொங்கல் முடிந்து சம்பா அறுவடை நடக்கும் பிப்ரவரி என்று முடிவானது.

அனுமதி வாங்கத்தான் நிறைய அலைந்தோம். ஆட்டோவின் பர்மிட்டுக்கு ஓடும் எல்லை உண்டு. திருவாரூர் மாவட்டத்தைத் தாண்டி மயிலாடுதுறை மாவட்டத்துக்குள் போவதால் தற்காலிக பர்மிட் கேட்டு விண்ணப்பித்தோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 87ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. நான்கு மாதம் வரை தரலாம். "வாடகை வாங்காமல் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு எதற்குப் போகிறீர்கள்?" என்ற கேள்விக்கு மூன்று முறை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது முறை 1931 கதையையும் சேர்த்து எழுதினேன். அனுமதி கிடைத்தது. ஓட்டுநர்களின் பேட்ஜ், வண்டிகளின் தகுதிச் சான்று (எஃப்.சி.), இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரு ஃபைலில் வைத்திருந்தோம். வழியில் இரண்டு இடங்களில் கேட்டார்கள், காட்டினோம்.

மூன்று ஆட்டோ, மூன்று ஓட்டுநர், உறுப்பினர்கள் ஐந்து பேர். இரண்டு வண்டிகளில் புத்தகக் கட்டும் ஆளுக்கொரு உறுப்பினரும். மூன்றாவதில் மூன்று பேரும் மடக்கு மேசையும் பாயும். கேஸ் ஆட்டோ வேண்டாம், பெட்ரோல் வண்டியே எடுப்போம் என்று ஓட்டுநர்கள் சொல்லிவிட்டார்கள். கிராமப் பக்கம் போய்விட்டால் கேஸ் பங்க் தேடி அலைய வேண்டும். மொத்தம் 630 புத்தகம். பெரும்பாலும் நீங்கள் கொடுத்தவை.

ஆட்டோவில் ஐந்து நாள் போனபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. சாலையில் பள்ளம் வந்தால் கார்க்காரர் அதை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவில் விட்டுப் போய்விடுவார். ஆட்டோவுக்கு நடுவிலும் ஒரு சக்கரம் இருக்கிறது. எப்படி ஓட்டினாலும் ஏதாவது ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியே தீரும். எதை இறக்குவது என்று நொடிக்கு நொடி முடிவெடுப்பதுதான் ஓட்டுநர் வேலை. இதற்கு மேல் பாதிச் சாலையில் நெல் காய்கிறது. நெல்லை மிதித்துவிடாதபடி ஓரத்தில் கல் வரிசை வைத்திருக்கிறார்கள். காயும் நெல்லின் வாசனைக்குள்ளேயே இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போனோம். நம் ஓட்டுநர்கள் ஒரு இடத்தில்கூட நெல்லில் சக்கரம் ஏற்றவில்லை.

முதல் நாள் மேலவாசலில் தொடங்கினோம். மாலை வடுவூர் போவதற்குள் 110 புத்தகங்களைக் கொடுத்து முடித்துவிட்டோம். எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். வடுவூரில் ஒரு வீட்டு வாசலில் பாட்டி ஒருவர் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "படிச்சிட்டு யார்கிட்ட தம்பி குடுக்கிறது?" என்று கேட்டார்.

"உங்களுக்கேதான் பாட்டி, வச்சுக்குங்க."

"எனக்கு எதுக்கு இந்த ஒரு புத்தகம்? இதைப் படிச்சு முடிச்சா அடுத்ததுக்கு நான் எங்க போவேன்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று இரவு எட்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். தானம் செய்கிறோம் என்று கிளம்பி வந்திருந்தோம். அந்தப் பாட்டி கேட்டது தானம் அல்ல, நூலகம். கனகசபைப் பிள்ளையின் வண்டியும் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போன வண்டி அல்லவே! மறுநாள் காலையில் நீள நோட்டு ஒன்று வாங்கினோம். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் புத்தகத்தை இனாமாகக் கொடுக்கவில்லை. ஊருக்கு 40 புத்தகம், பொறுப்பான ஒருவர் வீட்டில் வைப்பது, பெயர் எழுதி இரவல் கொடுப்பது, இரண்டு மாதத்தில் நாம் திரும்பி வந்து கட்டை மாற்றுவது என்று ஏற்பாடு செய்தோம். இப்படி 13 ஊர், 520 புத்தகம். பொறுப்பு எடுத்துக்கொண்டவர்களில் தையல்காரர் உண்டு, சத்துணவு அமைப்பாளர் உண்டு, டியூஷன் எடுக்கும் கல்லூரி மாணவி உண்டு.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தபோது பின்னால் நின்ற பேருந்திலிருந்து நாலைந்து பேர் இறங்கி வந்து நோட்டில் பெயர் எழுதச் சொன்னார்கள். எந்த ஊர் என்று கேட்டு, அவர்கள் ஊர் நம் பாதையில் இல்லை என்று சொல்ல வேண்டிவந்தது வருத்தம்தான். குரூப் 4 தேர்வுப் புத்தகம் இருக்கிறதா என்று எல்லா ஊரிலும் இளைஞர்கள் கேட்டார்கள். நாம் ஒன்றுகூடக் கொண்டுபோகவில்லை. அடுத்த முறை கட்டுக்கு நான்கு புத்தகமாவது இருக்க வேண்டும்.

கொரடாச்சேரிப் பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் நிறுத்தினோம். முறை வரும்வரை விவசாயிகள் நெல் குவியலுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பார்கள். படிக்க அதைவிட நல்ல நேரம் ஏது? ஆனால் முதல் ஐயா புத்தகத்தை வாங்கிக் கையை முழுசாக நீட்டிப் பிடித்தார், தலையைப் பின்னால் சாய்த்தார், பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்தவரும் அப்படியே. ஐந்து பேருக்கு நடுவில் கண்ணாடி ஒன்றே ஒன்று, ஒரு காதுப் பக்கம் முறிந்து நூல் கட்டியது. கண்ணாடிக்காரர் உரக்கப் படிக்க மற்ற நால்வரும் கேட்டார்கள். பக்கம் முடிந்ததும் கண்ணாடி கை மாறியது, வாசிப்பவரும் மாறினார். நாங்கள் அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டோம்.

வெள்ளெழுத்து ஒரு நோய்கூட அல்ல. நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நெகிழ்வு குறைந்து கிட்டப் பார்வை மங்கும். எல்லாருக்கும் வருவதுதான். ஒரு சாதாரண கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். அது இல்லாததாலேயே இத்தனை பேர் படிப்பதை விட்டுவிட்டார்கள் என்பதை இந்தப் பயணத்துக்கு முன் நான் யோசித்ததே இல்லை.

இன்னொரு ஊரில் நூலகக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. 2006ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் கட்டப்பட்ட நூலகங்களில் ஒன்று. கதவைத் திறந்தால் உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டை, துடைப்பக்கட்டு, கரையான் தின்ற அலமாரி. இதைச் சொல்வது யாரையும் குறை கூற அல்ல. வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் கட்டுகிறோம் என்பது அங்கே நின்ற பலருக்குத் தெரியவில்லை. ரங்கநாதன் போன்றவர்கள் உழைத்து, 1948ல் சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் நாட்டில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் அது. அந்தச் சட்டத்தின்படிதான் இந்த வரி. ரசீதை எடுத்து வரச் சொல்லி அந்த வரியைக் காட்டினோம். அன்று மாலையே இளைஞர்கள் மூட்டைகளை வெளியே எடுத்துவிட்டார்கள். சாவி இப்போது மகளிர் சுய உதவிக் குழுவிடம் இருக்கிறது.

நான்காம் நாள் ஒரு வண்டியில் கிளட்ச் கேபிள் அறுந்தது. ஓட்டுநர் ஸ்பேர் வைத்திருந்தார், இருபது நிமிடத்தில் மாட்டிவிட்டார். மயிலாடுதுறை தாண்டி ஐந்தாம் நாள் சீர்காழியில் பயணம் முடிந்தது. மூன்று வண்டி மீட்டரிலும் 263 கிலோமீட்டர்.

இனி பணம். பயணம் போகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 5 ரூபாய் நூலகத்துக்கென்று தருவதாக 84 பேர் ஒப்புக்கொண்டார்கள். ஆளுக்கு 1,315 ரூபாய். 78 பேர் கட்டியதில் வந்தது 1,02,570 ரூபாய். மீதி ஆறு பேர் மார்ச்சுக்குள் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இன்று கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். புத்தகத்துக்கு 41,200, மூன்று ஊர் நூலகங்களுக்கு இரும்பு அலமாரி 25,500, விளக்கு, மின்விசிறி, வயரிங்குக்கு 11,750 செலவு. கையிருப்பு 24,120 ரூபாய். பெட்ரோல் செலவு 3,300 ரூபாய்க்குள்தான். அதை இந்தப் பணத்தில் எடுக்கவில்லை, சந்தா நிதியிலிருந்து கொடுத்தோம். நூலகத்துக்கு என்று கொடுத்த பணத்தை டேங்கில் ஊற்றுவது முறையல்ல என்பது என் கருத்து, செயற்குழுவும் ஏற்றது. ஓட்டுநர்கள் மூவரும் ஐந்து நாள் வருமானத்தை விட்டு வந்தார்கள். ஒரு ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார்கள். எல்லாரும் பார்க்கும்படி அவர்கள் மூவரையும் எழுந்து நிற்க வேண்டுகிறேன்.

சொன்னபடி ஏப்ரலில் ஒரே ஆட்டோவில் நான்கு சனிக்கிழமைகளில் 13 ஊர்களுக்கும் திரும்பப் போனோம். வடுவூருக்கும் மேலவாசலுக்கும் புதிதாக ஒரு கட்டு வைத்தோம். 520 புத்தகங்களில் 471 கைக்கு வந்தன. கிழிந்தவை ஆறு, அதில் நான்கு குழந்தைகளின் படப் புத்தகம். மீதி இன்னும் வாசகர்களிடம் இருக்கிறது, நோட்டில் பெயர் இருக்கிறது. "வருவோம்னு சொல்லிட்டுப் போறவங்கதான் எல்லாரும், நீங்க வந்துட்டீங்களே" என்று தையல்காரர் சொன்னார்.

பொதுக்குழு முன் இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். ஒன்று, இந்தச் சுற்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நிற்காமல் நடக்க, சந்தா நிதியில் ஆண்டுக்கு 20,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். பெரிய பயணம் அடுத்த ஆண்டு நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது நிற்கக் கூடாது. இரண்டு, கையிருப்பில் உள்ள 24,120 ரூபாயைப் படிக்கும் கண்ணாடிக்குச் செலவிட அனுமதி வேண்டும். வெறும் கண்ணாடியைக் கையில் கொடுத்தால் போதாது. கண்புரையோ கண் அழுத்த நோயோ இருப்பது தெரியாமல் போய்விடும். அதனால் கண் பரிசோதகர் ஒருவர் கூட வந்து பார்த்த பிறகுதான் கொடுப்பது. நம் உறுப்பினர் ஒருவரே அந்த வேலையில் இருக்கிறார், வருவதாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த சுற்று வரும் சனிக்கிழமை. புத்தகம் கட்ட ஆள் வேண்டும். முடிந்தவர்கள் காலை ஆறரைக்கு ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். வடுவூர்க் கட்டில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் குறைந்தது இரண்டு இருக்கட்டும். பாட்டி இதுவரை மூன்று முடித்துவிட்டாராம்.

இவண்,
செயலாளர்