பழைய வார்டை இடிக்கப் போறாங்க மாப்ள

அன்புள்ள மாப்ள,

உன் லெட்டர் கிடைச்சுது. பொண்ணுக்கு வேலை கிடைச்சதுல ரொம்ப சந்தோஷம், நான் விசாரிச்சேன்னு சொல்லு. முட்டிவலிக்கு இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம்னு டாக்டர் சொல்லிட்டார்ல, அப்ப அதையே நினைச்சு கவலைப்படாத.

"மனநல ஆஸ்பத்திரிக்கு புதுக் கட்டடம் எதுக்குடா, அந்தக் காசுல இன்னும் நாலு டாக்டரைப் போடலாமே"ன்னு கேட்டிருந்த. நியாயமாத்தான் கேட்டிருக்க. ஆனா வார்டுலயே கிடந்து டியூட்டி பார்த்தவனுக்கு இது வேற மாதிரி தெரியுது, அதான் உக்காந்து எழுதறேன்.

எங்க பழைய வார்டு ஒரே நீள ஹாலு, ரெண்டு பக்கமும் வரிசையா பெட்டு, நடுவுல ஒரு ஸ்கிரீன் கூட கிடையாது. ராத்திரி ஒருத்தர் கத்தினா அத்தனை பேரும் முழிச்சுக்குவாங்க, தூக்கம் கெட்டா மேனியாவுல, அதாவது அளவுக்கு மீறின வேகத்துலயும் பரபரப்புலயும் இருக்கறவருக்கு, அது இன்னும் ஏறும், அவர் போடற சத்தத்துல பக்கத்து பெட்டுக்காரர், ஏற்கனவே எல்லாரும் தன்னைப் பத்தித்தான் பேசறாங்கன்னு நடுங்கிட்டு இருப்பார், அவருக்கு பயம் கூடிடும், தள்ளுமுள்ளு ஆகும், நாங்க ஓடிப்போய் புடிச்சு ஊசி போடுவோம். காலைல கேஸ் ஷீட்ல 'வயலென்ட்'னு ஒரு வார்த்தை ஏறிடும். அந்த ஹாலு பண்ண வேலைய எந்த ஷீட்லயும் யாரும் எழுதறதில்ல.

ஸ்வீடன்ல கோத்தன்பர்க் ஊர்ல ஒஸ்ட்ரா ஆஸ்பத்திரின்னு ஒண்ணு இருக்கு. 2006ல அங்க மனநல வார்டுகள புதுசா கட்டினாங்க, எல்லாருக்கும் தனி ரூம், ரூமோட டாய்லெட், சின்னச் சின்ன குரூப்பா ஆளுங்க, இழுத்துப் போட்டுக்கற மாதிரி நாற்காலி, நோயாளிங்க தாங்களா இறங்கிப் போற தோட்டம். பழைய கட்டடத்தோட ஒப்பிட்டுப் பார்த்து 2018ல ஆராய்ச்சிக் கட்டுரை வந்துச்சு, கட்டாய ஊசி கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு, கட்டிப்போடறது பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கு. அதை எழுதினவங்கள்ல ரோஜர் உல்ரிச்சும் ஒருத்தர். 1984லயே, பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்கள்ல ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க, செங்கல் சுவரை மட்டும் பார்த்தவங்கள விட சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க, வலி மாத்திரையும் கம்மியா கேட்டாங்கன்னு காட்டினவர் அவர்தான்.

ஆனா எனக்கு மரம், வெளிச்சத்தை விட முக்கியமா படறது, மனுஷன் கைல என்ன இருக்குங்கறதுதான். வார்டுக்குள்ள வந்ததும் எல்லாம் போயிடுது மாப்ள. எப்ப தூங்கறது, எப்ப லைட் அணைக்கறது, யார் பக்கத்துல படுக்கறது, எதுவுமே அவங்க முடிவு கிடையாது. தன் ரூம் கதவைத் தானே சாத்தலாம், லைட் சுவிட்ச் தன் கைக்கிட்ட, துணிமணி வெச்சுப் பூட்ட ஒரு அலமாரி, இது போதும், பாதி சண்டை வராது. பாதுகாப்பும் கெடாது, உள்ளேருந்து அடைச்சுக்கிட்டாலும் ஸ்டாஃப் வெளிப்பக்கமா திறக்கற கதவெல்லாம் இப்ப வருது. புதுக் கட்டடத்துக்கான கமிட்டி மீட்டிங்ல இதைத்தான் திரும்பத் திரும்ப சொல்லிட்டு இருக்கேன். ஏற்கனவே அட்மிட் ஆகி குணமாகிப் போனவங்கள கூப்பிட்டுக் கேளுங்கன்னேன், கேட்டாங்க. ஒரு அம்மா வந்து, பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லாததுதான் தனக்கு மறக்கவே முடியலன்னு சொன்னாங்க. மருந்து, ஊசி எதையும் அவங்க சொல்லல.

உன் பேச்சுல ஒரு உண்மை இருக்கு, அதை நான் மறுக்கல. தனி ரூம் கட்டிட்டு நர்ஸைப் போடலன்னா அது அழகா பெயின்ட் அடிச்ச லாக்கப்தான். ஹால்ல ஒருத்தர் நின்னா எல்லாரும் கண்ணுல படுவாங்க, தனித்தனி ரூமுக்கு நடந்து போய்ப் பார்க்கணும், உக்காந்து பேசணும், அதுக்கு ஆள் அதிகமா வேணும். அதனால கட்டடத்துக்கு கையெழுத்துப் போடற அன்னைக்கே ஸ்டாஃப் போஸ்ட்டுக்கும் கையெழுத்து ஆகணும்னு நிக்கறேன்.

பெட் கணக்கு இன்னொரு தலைவலி. 1850கள்ல அமெரிக்காவுல கிர்க்பிரைட்னு ஒரு டாக்டர், ஒரு ஆஸ்பத்திரியில 250 பேருக்கு மேல வைக்கவே கூடாதுன்னு சொல்லி, வெளிச்சமும் காத்தும் வர்ற மாதிரி பிளான் போட்டுக் கொடுத்தார். அருமையான பிளான். பின்னாடி வந்தவங்க அதே மாதிரி கட்டடங்கள்ல ஆயிரக்கணக்குல ஆளை அடைச்சாங்க, நல்ல கட்டடமே நரகமாச்சு. தலைகீழாவும் ஆபத்து இருக்கு, பெட்டைக் குறைச்சுட்டு வெளியில கிளினிக், வீட்டுக்கு வந்து பார்க்கற டீம் எதுவும் போடலன்னா அந்த ஜனம் ரோட்டுக்குத்தான் வரும். பிரிட்டன்ல மனநல டாக்டர்களோட ராயல் காலேஜ், பெட்டுல 85 சதவீதத்துக்கு மேல நிரம்பக் கூடாதுங்கறாங்க. எப்பவும் ஃபுல்லா இருந்தா அவசரமா வர்றவருக்கு இடம் கொடுக்க பாதி குணமானவரை அனுப்பி வைப்போம், அவர் திரும்ப வந்து நிப்பார்.

வேலை நடக்கறப்ப என்ன பண்றதுங்கறதுதான் இப்ப பெரிய சண்டை. காதுல ஏற்கனவே குரல் கேக்கறவங்களுக்குப் பக்கத்துல அஸ்திவாரத்துக்கு தூண் இறக்கற பைலிங் மெஷினைப் போட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு. காலி மூலைல முதல்ல புதுசைக் கட்டி, ஆளுங்கள முன்கூட்டியே கூட்டிப் போய்க் காட்டி, அப்புறம் மாத்தி, அதுக்கப்புறம் பழசை இடிக்கணும். பழசை முதல்ல இடிச்சா ரெண்டு தடவை இடம் மாத்தணும், அது இவங்களுக்கு ஆகாது. கான்ட்ராக்டருக்கு அது செலவுதான், இருந்தாலும் விடப் போறதில்ல.

மிச்ச நிலத்தை வித்து பணம் புரட்டலாம்னு ஒரு பேச்சு ஓடுது. முழுசா எதிர்க்க எனக்கு மனசு வரல, காசு எங்கிருந்தாவது வரணுமே. ஆனா இத்தாலில ட்ரியெஸ்தே ஊர் மனநல ஆஸ்பத்திரிக்கு பசாலியான்னு ஒரு டாக்டர் 1971ல பொறுப்புக்கு வந்தப்ப உள்ள ஏறக்குறைய 1200 பேர் இருந்தாங்க, கதவைத் திறந்து விட்டு ஊருக்குள்ளயே சிகிச்சை மையங்கள் வெச்சாங்க, அந்த வளாகம் இன்னைக்கு ரோஜாத் தோட்டத்தோட எல்லாரும் வந்து போற பார்க். நோயாளிங்களுக்குன்னு இருந்த இடம் அவங்கள வெளிய தள்ளாம ஊருக்கும் பொதுவாச்சு. இங்கயும் சுத்துச்சுவரைக் குறைச்சு தோட்டத்தை ரெண்டு பேருக்கும் பொதுவா விட்டுட்டு, ஓரமா கொஞ்சம் வித்தா சரின்னு நினைக்கறேன்.

இத்தனை வருஷம் கட்டட வேலை பார்த்தவன் நீ, அதனால பிளானோட போட்டோ அனுப்பறேன். ரூமுக்கு ரூம் டாய்லெட் வெச்சா பைப் லைன், லீக்கேஜ் பராமரிப்பு எல்லாம் கட்டுப்படி ஆகாதுன்னு இன்ஜினியர் ஒருத்தர் அடிச்சு சொல்றார், அது நிஜமா இல்ல சாக்கான்னு நீ பார்த்து சொல்லு. அடுத்த மீட்டிங்குக்கு முன்னாடி பதில் வந்தா நல்லது.

உன்,
பழைய ரூம்மேட்