அப்பாவின் மார்பை அழுத்திய கைகளுக்கு

கடந்த மாதம் உழவர் சந்தை வாசலில் காய்கறிப் பையோடு சரிந்து விழுந்த என் தந்தையை எங்களுக்கு மீட்டுத் தந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் நன்றி, 108 ஆம்புலன்ஸ் வரும்வரை தரையில் மண்டியிட்டு, நின்றுபோன அவரது இதயத்துக்காக மார்பை விடாமல் அழுத்திய, அதுவரை நாங்கள் முகம் அறியாத தம்பிக்கு. தம்பி, அப்பாவின் கல்லீரல் கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தது என்று கேள்விப்பட்டதும், "நான் அழுத்தினதாலதானே அக்கா" என்று நீங்கள் தொலைபேசியில் தழுதழுத்தது இன்னும் என் காதில் நிற்கிறது. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்தினால்தான் மூளைக்கு இரத்தம் போகும் என்றும், மார்பெலும்பின் கீழ்நுனியை ஒட்டியே கல்லீரலின் இடது மடல் இருப்பதால், கைதேர்ந்தவர்கள் அழுத்தும்போதும் அரிதாக இப்படி நேர்வதுண்டு என்றும் இதய மருத்துவர் தாளில் படம் வரைந்து விளக்கினார். கிழிந்த கல்லீரலைச் சரிசெய்ய முடிந்தது. நீங்கள் தயங்கி நின்றிருந்தால் சரிசெய்ய அப்பாவே இருந்திருக்க மாட்டார்.

அன்று மாலை இரத்த அழுத்தம் இறங்கியபோது, அதை இதயத்தின் பலவீனம் என்றே விட்டுவிடாமல், வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் படுக்கையருகிலேயே ஸ்கேன் எடுக்க வைத்த இளம் மருத்துவருக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். இதயத்தின் இரத்தக்குழாயைத் திறந்து வைக்கக் காலையில் பொருத்திய ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழல் அடைக்காமலிருக்க இரத்தம் உறையக் கூடாது, கல்லீரலின் கசிவு நிற்க இரத்தம் உறைந்தாக வேண்டும் என்ற இக்கட்டில், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை நிறுத்தி, ஸ்டென்ட்டுக்கான மாத்திரைகளை மட்டும் தொடர்ந்து, தொடையின் இரத்தக்குழாய் வழியாகக் கம்பி செலுத்திக் கசிந்த குழாயை மட்டும் அடைத்த மருத்துவக் குழுவுக்கும் நன்றி. இரவோடு இரவாக வந்து இரத்தம் கொடுத்த நால்வருக்கும் நன்றி.

கசிவால் வயிறு வீங்குகிறதா என்று பார்க்க வயிற்றில் பேனாவால் கோடு போட்டு, இரண்டு மணிக்கொரு முறை டேப் வைத்து அளந்து குறித்த இரவுப்பணிச் செவிலியரை என்னால் மறக்க முடியாது. இரண்டாம் நாள், கல்லீரல் செல்களின் பாதிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில், சுமார் 40 இருக்க வேண்டிய எஸ்.ஜி.பி.டி. அளவு 3,800 என்று வந்தபோது கல்லீரலே போய்விட்டது என்று நான் அழுதேன். இதயம் நின்றிருந்த நேரத்தில் இரத்தமும் ஆக்சிஜனும் கிடைக்காமல் கல்லீரல் செல்கள் அடிபட்டதன் விளைவு இது, இதயம் சீராகத் துடித்தால் வந்த வேகத்திலேயே இறங்கும் என்று அவர்தான் என்னை உட்கார வைத்துச் சொன்னார். நான்காம் நாள் அது 1,400 ஆனது; இரண்டு வாரத்தில் இயல்பு நிலைக்கு வந்துவிட்டது.

அப்பாவின் காய்கறிப் பையைப் பத்திரப்படுத்தித் திருப்பித் தந்த கீரைக்கார அம்மாவுக்கும் நன்றி. அப்பா இப்போது வாசல்வரை நடக்கிறார். உங்களைப் பார்க்க வேண்டுமென்று தினமும் கேட்கிறார், தம்பி. ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள்.

நன்றியுடன்,
அவருடைய மகள்