படம் வந்தாயிற்று, பணம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) முடிவு வெளியாகும்போதெல்லாம், பிஎச்.டி. ஆய்வுக்கான ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்ற மாணவர்களின் படங்கள் நாளிதழ்களின் சேலம் பதிப்பில் வருகின்றன. ஓமலூர், வாழப்பாடி, ஏற்காடு மலைக் கிராமம் என்று ஊர்ப்பெயரையும் போடுகிறீர்கள். மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும் என்ற வரியும் தவறாமல் இருக்கும். அந்த முதல் 37,000 கைக்கு வருவதற்குள் எத்தனை மாதம் ஓடிவிடுகிறது என்பது மட்டும் செய்தியாவதில்லை. தாமதம் என்றாலே டெல்லியைத் திட்டுவது நம் வழக்கம். பாதித் தாமதம் இங்கேயே, தாலுகா ஆபீசிலும் வங்கியிலும் கல்லூரி அலுவலகத்திலும்தான் பிறக்கிறது என்பது எங்கள் கணிப்பு. அதில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது.

முதலில் சாதிச் சான்று. பி.சி., எம்.பி.சி. சான்று எல்லா வீட்டு பீரோவிலும் இருக்கிறது. மத்திய அரசின் உதவித்தொகைக்கு அது செல்லாது. கிரீமிலேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராத ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) என்ற சான்றை மத்திய அரசு படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். அதுவும் நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருந்தால்தான் தலைவலி இல்லை. ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் என்றதும் அப்பாவின் சம்பளத்தையும் மாந்தோப்பு வருமானத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு, விண்ணப்பிக்காமலே ஒதுங்கிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்சக் கணக்கில் சேராது. உயர்பதவியில் இருப்போருக்கு மட்டும் பதவியை வைத்துத் தனி விதி இருக்கிறது. இந்த ஒரு சான்று இல்லாததால் பொதுப்பிரிவில் விண்ணப்பித்து, வயது வரம்பு 30 என்பதில் அடிபட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது? ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், பெண்கள் ஆகியோருக்கு 5 ஆண்டு தளர்வு இருக்கிறதே.

ஏற்காட்டின் மலையாளிப் பழங்குடி மாணவர்களுக்கு வேறு சிக்கல். எஸ்.டி. சான்று தருவது தாசில்தார் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர். விசாரணை முடிந்து சான்று கைக்கு வர நாளாகும் என்பதால் முதுகலை இறுதியாண்டிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய உதவித்தொகை ஆண்டுக்கு 750 பேருக்குத் தரப்படுகிறது. இதற்கு நெட் தேர்ச்சியே வேண்டாம்; முழுநேர பிஎச்.டி.யில் சேர்ந்திருந்தால் முதுகலை மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு செய்கிறார்கள். நெட்டில் தவறியதோடு ஆராய்ச்சி ஆசையை மூட்டைகட்டி வைத்துவிட்டு எஸ்டேட் கணக்குப்பிள்ளை வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் இதை யார் சொல்கிறார்கள்?

அடுத்து, இனிஷியல். சிரிப்பாக இருக்கும், ஆனால் பணத்தை நிறுத்துவதில் இதற்கு ஈடு கிடையாது. பத்தாம் வகுப்புச் சான்றில் ‘கலைச்செல்வி மா’, ஆதாரில் ‘மா. கலைச்செல்வி’, பாஸ்புக்கில் ‘கலைச்செல்வி மாரிமுத்து’. நமக்கு மூன்றும் ஒரே பெண். இணையதளத்துக்கு மூன்று பேர். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கட்டம் போட்டுக் கேட்கும் படிவங்களில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி நிரப்புவதால் குழப்பம் கூடுகிறது. பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடி ஆதாரைத் திருத்துங்கள். பிறகு ஆதாரைக் காட்டி வங்கிக் கணக்கைத் திருத்துங்கள். மாற்றிச் செய்தால் இரண்டு வேலை.

ஆதாரை வங்கிக் கணக்கில் இணைத்துவிட்டோம், அது போதும் என்று நினைப்பதும் தவறு. கணக்கில் ஆதார் எண்ணைச் சேர்ப்பது ஒன்று. அரசுப் பணம் அந்த வங்கிக்குத்தான் போக வேண்டும் என்று என்.பி.சி.ஐ. (தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம்) மேப்பர் என்ற பட்டியலில் பதிவாவது இன்னொன்று. ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான், கடைசியாகப் பதிவான வங்கிதான். புதிதாக எங்காவது கணக்குத் தொடங்கும்போது கொடுத்த ஒப்புதல் கையெழுத்தால் மேப்பிங் அங்கே தாவியிருக்கும். மாணவரோ பழைய கணக்கின் பாஸ்புக்கைப் பதித்துப் பதித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். மை ஆதார் தளத்தில் ஓ.டி.பி. கொடுத்தால் எந்த வங்கி என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் இந்த ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கனரா வங்கியின் இணையதளம் வழியாக வருகிறது. பணியில் சேர்ந்த அறிக்கை, வீட்டு வாடகைப்படிச் சான்று எல்லாம் ஏறிய பிறகும் வேலை முடிவதில்லை. மாணவர் தொடர்ந்து ஆய்வு செய்கிறார் என்று மாதந்தோறும் நிறுவனத்தில் ‘மேக்கர்’ எனப்படும் பதிவு அலுவலர் பதிவிட வேண்டும், ‘செக்கர்’ எனப்படும் சரிபார்ப்பு அலுவலர் ஒப்புதல் தர வேண்டும். இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலோ, இடமாறுதலில் சென்றவரின் செல்போனுக்கே ஓ.டி.பி. போய்க்கொண்டிருந்தாலோ அந்த மாதம் அம்போ. ஆய்வு மையம் கல்லூரியிலும் மேக்கர் பல்கலைக்கழகத்திலும் இருந்தால் வருகைச் சான்று மாத இறுதிக்குள் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். மேக்கர் யார், செக்கர் யார், எந்தத் தேதி வரை பதியலாம் என்பதைச் சேர்ந்த முதல் வாரமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நின்ற தொகை பிறகு மொத்தமாக வரும் என்பது உண்மைதான். ஹாஸ்டல் மெஸ் பில் அதுவரை காத்திருக்காது. முதல் நிலுவைத் தொகை வந்ததும் செல்போன் மாற்றாமல் நான்கு மாதச் செலவை ஒதுக்கி வைப்பவர்களே பின்னால் தப்பிக்கிறார்கள்.

வீட்டு வாடகைப்படி ஊருக்கு ஊர் மாறும். இதற்காக மத்திய அரசு ஊர்களை வகை பிரித்த பட்டியலில் சேலம் ‘ஒய்’ வகை நகரம், ஏற்காடு ‘இசட்’. கணக்கு நிறுவனம் இருக்கும் ஊருக்குத்தான், சொந்த ஊருக்கு அல்ல. நிறுவன விடுதியில் தங்குபவருக்கு இந்தப் படி கிடையாது.

கன்டிஞ்சன்சி, அதாவது ஆய்வுச் சில்லறைச் செலவுக்கான தொகை சிறியது: அறிவியலுக்கு முதல் 2 ஆண்டுகள் ஆண்டுக்கு 12,000, பிறகு 25,000, கலைப் பாடங்களுக்கு 10,000, பிறகு 20,500. புத்தகம், ரசாயனம், களப்பயணம், தட்டச்சு எல்லாம் இதில் அடங்கும்; நாற்காலி மேசை அடங்காது. சேர்வராயன் மலையில் ஆய்வு செய்பவர்கள் தடுக்கி விழுவது ஜீப் பில்லில். காப்பித் தோட்டத்துக்கோ சோலைக்காட்டுக்கோ போக ஜீப்தான் வழி. ஓட்டுநரோ துண்டுச் சீட்டில் ‘ஜீப் 2500’ என்று மட்டும் எழுதித் தருவார். தேதி, வண்டி எண், எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், கையெழுத்து இல்லாத சீட்டைத் தணிக்கையில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அச்சடித்த வவுச்சர் புத்தகம் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, இறங்கிய இடத்திலேயே நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மழைக்காலத்தில் அதை பாலித்தீன் உறையில் போட மறந்தால் மை கரைந்து போகும், அட்டைப்பூச்சிக் கடி மட்டுமே மிச்சம். பில்கள் அந்தந்த நிதியாண்டுக்குள், மார்ச் 31க்கு முன் தேதியிட்டவையாக இருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டு முடிந்ததும் அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை) தானாக வந்துவிடாது. வெளி வல்லுநர் ஒருவர் உள்ளிட்ட குழு மதிப்பிட்டுப் பரிந்துரைத்தால்தான் 37,000 என்பது 42,000 ஆகும். வெளி வல்லுநரின் தேதி கிடைப்பதே பெரும்பாடு. இரண்டு மாதம் முன்னதாகவே ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும்.

கையில் ஜே.ஆர்.எஃப். இருந்தும் தனியார் கல்லூரியில் சம்பளத்துக்கு வகுப்பெடுப்பது நம் பக்கம் சகஜம். இரண்டு பக்கமும் வாங்கக் கூடாது என்பது விதி. தெரியவந்தால் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்ட நேரிடும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் ஒப்படைத்துவிட்டு, பிஎச்.டி. சேர்க்கையன்று கேட்டு நிற்பவர்களும் இருக்கிறார்கள். ஜே.ஆர்.எஃப். விருதுக் கடிதத்தின் ஆயுள் மூன்றே ஆண்டு என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் தேர்வு மூலம் மாதம் 25,000 வீதம் 3 ஆண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ஊக்கத்தொகை. உடன்பிறப்பு இல்லாத பெண்களுக்கு யு.ஜி.சி.யின் சாவித்திரிபாய் பெயரிலான உதவித்தொகை. இதற்கு 100 ரூபாய் முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் தேவை. இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை இன்னும் இருக்கிறது; அது 2022இலேயே நிறுத்தப்பட்டது, அதற்காக அலைய வேண்டாம்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் இரண்டு கோரிக்கைகள். இ-சேவை மையங்களில் மத்திய அரசுக்கான ஓ.பி.சி. படிவத்தின் மாதிரியை ஒட்டி வையுங்கள். மேக்கர், செக்கர் யார் என்பதை நிறுவன இணையதளத்தில் போடுங்கள். ஆள் மாறினால் அன்றே மாற்றுங்கள். நெட் முதல் தாளின் 50 கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருவதைத் தமிழில் கேட்க வைப்பது டெல்லியில் செய்ய வேண்டிய வேலை, அதை நம் எம்.பி.க்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆசிரியர் அவர்களும் ஒன்று செய்யலாம். ஜூன், டிசம்பர் நெட் அறிவிப்புகளையும் டி.ஆர்.பி. அறிவிப்பையும் கடைசித் தேதிக்கு முந்தின நாள் அல்ல, அறிவிப்பு வந்த அன்றே சேலம் பதிப்பில் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆய்வு நெறியாளர்கள் இருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.