நன்றி மக்களே, அப்பாக்க ரயில் சாமான் பெட்டி காலியாச்சு

மக்களே, எல்லாருக்கும் தனித்தனியா போன் போட்டு சொல்லணும்னுதான் நெனச்சேன், பேச ஆரம்பிச்சா தொண்டை அடைக்குது, அதனால பொதுவா எழுதிடுறேன். அந்த மழையில எங்க வீட்டுக்குள்ள தண்ணி ஏறி என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும், திரும்ப எழுத தெம்பு இல்ல. இப்ப வீடு காஞ்சாச்சு, அம்மா ஒழுங்கா சாப்பிடுறாங்க, ரயில்வேல வேலை பாத்த அப்பா சேத்து வச்ச ரயில் சாமான் பெட்டியும் ஆளாளுக்கு குடுத்து நேத்தோட கிட்டத்தட்ட காலி.

சாக்கும் பினாயிலும் தூக்கிட்டு வந்த கோட்டாறு பசங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போன போட்டோவ எல்லாம் பச்சத்தண்ணியில ஊறப்போட்டு பொறுமையா பிரிச்சு துணி காயப்போடுற கொடியில கிளிப் மாட்டின ஸ்டுடியோ அண்ணன், இன்ஜின் நம்பர் கேட்டு நாங்க போட்ட படத்த நாலு ஊருக்கு அனுப்பின ரயில் பைத்தியங்க (பாசத்துலதான் சொல்றேன்), சோறு கொண்டு வந்த மைனிமாரு, எல்லாருக்கும் கோடி கும்பிடு. வக்கீல் அக்காவுக்கு தனியா ஒண்ணு. பித்தளைய எடைக்கு எடுத்துக்கிடுறேன்னு ஒருத்தர் வாசல்லயே நின்ன நேரத்துல அக்காதான் தடுத்தாங்க, ரயில்வே முத்திரை இருக்க பொருள கணக்கு காட்ட முடியாம வச்சிருந்தா 1966ம் வருஷ ரயில்வே சொத்து சட்டத்துல கேஸ் ஆகும், முதல்ல ரயில்வே ஏலத்துல வாங்கின ரசீது இருக்கான்னு தேடுங்கன்னு. அப்பா போர்டிங் ஸ்கூல் வார்டன் மாதிரி எல்லா ரசீதையும் பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சிருந்தாரு. ரசீது கிடைக்காத பூட்டு ரெண்ட ஸ்டேஷன்ல ஒப்படைச்சு கையெழுத்து வாங்கியாச்சு.

ஆனா நான் எழுத உக்காந்ததே இரணியல் பாட்டாவுக்காகத்தான்.

அவர யாரும் கூப்பிடல. பேரன் போன்ல நம்ம படத்த காட்டியிருக்கான், மறுநாளே பஸ் ஏறி வடசேரில இறங்கி விசாரிச்சு விசாரிச்சு வீட்டுக்கு வந்துட்டாரு. டீசல் ஷெட்ல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, சட்டைப்பையில ஒரு லென்ஸ், ஒரு பென்சில், சீவுறதுக்கு அரை பிளேடு. கட்டஞ்சாயா குடிச்சிட்டு திண்ணையில சம்மணம் போட்டு உக்காந்தவரு மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. ஒவ்வொரு படமா எடுப்பாரு, லென்ஸ வைப்பாரு, பின்னாடி திருப்பி பென்சில்ல எழுதுவாரு. ஏன் பாட்டா பேனா இருக்கேன்னேன், மை ஊறி முன்பக்கம் வந்துரும் மக்கா, பென்சில்தான் நிக்கும்னாரு.

அதுல முக்காவாசி டபிள்யூ.டி.எம்.2ங்கிற டீசல் இன்ஜின். ஆல்கோ கம்பெனி டிசைன், 1962ல அமெரிக்காலேந்து வந்து 1964லேந்து வாரணாசியிலயே செஞ்சது, 16 சிலிண்டர், 2600 குதிரை சக்தி. டபிள்யூன்னா அகலப்பாதை, டின்னா டீசல், எம்னா கூட்ஸும் இழுக்கும் பாசஞ்சரும் இழுக்கும், இது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும், ரயில்வேக்காரன் வீட்டுல பொறந்து என்ன பிரயோஜனம். ஒரு படத்துல இன்ஜினோட மூக்கு டிரைவர் கேபின் அகலத்துக்கே இருந்துச்சு, கண்ணாடியும் பெருசு, இது டபிள்யூ.டி.எம்.2லயே ஜம்போங்கிற வகைன்னு சொல்லி தனியா வச்சாரு.

அடுத்து வந்ததுதான் அந்த படம். அப்பா மீசை வச்சு, ஒல்லியா, ஒரு இன்ஜினுக்கு முன்னாடி நிக்காரு. அது நாரோயில் (நாகர்கோவில்) ஸ்டேஷன்னுதான் அம்மா எப்பவும் சொல்லுவாங்க. இது நாரோயில் இல்ல தங்கச்சின்னாரு பாட்டா. அம்மாவுக்கு கோவம், அவியளே என்கிட்ட சொன்னாவ, நீங்க கண்டீங்களான்னு கேட்டுட்டாங்க. பாட்டா எதுத்து ஒரு வார்த்தை பேசல, தொறப்பையிலேந்து ஒரு ஈர்க்குச்சி தாங்கன்னாரு. தண்டவாளத்துக்கு நடுவுல உள்ள இடைவெளிய அளந்து குச்சிய ஒடிச்சாரு, ஒடிச்சத இன்ஜின் அகலத்துல வச்சு காட்டினாரு, ரெண்டரை தடவைக்கு மேல போச்சு. அகலப்பாதைன்னா ரெண்டு கூட வராதாம். தண்ணி பட்டு கீழ பாதி அழிஞ்சிருந்தாலும் லென்ஸ்ல பாத்தா அகலப்பாதை இன்ஜினுக்கு இருக்க மாதிரி ரெண்டு ஓரத்துலயும் பஃபர் (பெட்டி வந்து முட்டுறத தாங்குற முட்டு) இல்ல, நடுவுல ஒத்தை பஃபர்தான். மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளத்துக்கு நடுவுல ஒரு மீட்டர் மட்டும் இடைவெளி உள்ள பாதை, இன்ஜின் ஒய்.டி.எம்.4. நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல மீட்டர் கேஜே வரல தங்கச்சி, 1979ல திருவனந்தபுரத்துலேந்து லைன் வந்ததும் அகலம், 1981ல திருநெல்வேலிக்கு போட்டதும் அகலம்தான்னாரு.

அம்மா குச்சிய வாங்கி தானே ஒரு தடவை அளந்தாங்க. ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், அப்ப இது தின்னவேலி, முதல் வேலை அங்கதான, எனக்கு அனுப்பின மாப்பிள்ளை போட்டோவே இதுதான் போலன்னு சொல்லிட்டு சிரிச்சாங்க. அந்த மழைக்கு பிறகு அம்மா சிரிச்சத அன்னைக்குத்தான் பாக்கேன். ஸ்டேஷன் பேருக்கு மட்டும் இடம் விட்டு வச்சிருந்தாரு பாட்டா, அம்மா சொன்னத அப்படியே எழுதினாரு: திருநெல்வேலி, கல்யாணத்துக்கு முந்தி.

பெட்டியில இருந்த சிக்னல் கை விளக்க பாட்டாவுக்கு குடுத்தேன், வாங்கல. எனக்கு பெறகு இத எவன் துடைப்பான், சின்ன புள்ளைகளுக்கு குடுன்னாரு. பஸ் காசும் வாங்கல, ரசவடை மட்டும் ரெண்டு. அதனாலதான் விளக்கு அந்த பேரனுக்கே போச்சு, மூணு கலர் கண்ணாடியும் உடையாம இருக்கு, நல்லா பாத்துக்கோ லே.

அட்டை டிக்கெட் எல்லாம் தெருப்பிள்ளைகளுக்கு பங்கு போட்டாச்சு, புக்கிங் கவுண்டர்ல அப்பா டேட் பிரஸ்ல கடக்குன்னு தேதி அடிச்சு குடுத்த அதே தடிச்ச அட்டை. விசில் ஒரு பி.டி. மாஸ்டருக்கு. போட்டோ மட்டும் யாருக்கும் கிடையாது, வேணும்னா ஸ்கேன் பண்ணி அனுப்புறேன். இனி எங்க வீட்டுல பிரிண்ட் போடுற படத்துக்கு எல்லாம் அன்னைக்கே பின்னாடி பென்சில்ல ஊரும் வருஷமும் எழுதுறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம், போன்ல கிடக்கிற ஆயிரக்கணக்கான படத்துக்கு பின்பக்கமே கிடையாது, அதுக்கு என்ன செய்யன்னு பாட்டாகிட்டதான் கேக்கணும்.

பழைய டைம்டேபிள் ஒரு கட்டு மட்டும் மிச்சம் இருக்கு, ஓரம் கொஞ்சம் நனஞ்சது, உள்ள நல்லா படிக்கலாம். லைப்ரரியோ ஸ்கூலோ கேட்டா முதல்ல அவங்களுக்குத்தான். காசு வேண்டாம், ஆட்டோ செலவு உங்களோடது.