மாற்றுப் பணி கிடைத்துவிட்டது: எங்கள் டெப்போவுக்கு நன்றி

டிரைவர், கண்டக்டர், டெக்னிக்கல் பிரிவு அண்ணன் தம்பிகளுக்கும், இத்தனை நாள் எங்கள் வீட்டைத் தாங்கிய எல்லாருக்கும் வணக்கம்.

நேற்று ஆர்டர் கைக்கு வந்தது. அதே சம்பளம், அதே சர்வீஸ், டிரைவர் கண்டக்டருக்கு டூட்டி போடும் டைம் ஆபீசில் வேலை. பஸ் டிரைவரான எனக்குக் காலில் அடிபட்ட விபத்தும் அதற்கப்புறம் நாங்கள் பட்டதும் உங்களுக்குத் தெரியாததில்லை. மனசு நிறைந்திருக்கும்போதே நன்றியை எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி மெக்கானிக் அண்ணனுக்கு. பெயர் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மெடிக்கல் போர்டு சான்றிதழில் ‘ஓட்டுநர் பணிக்குத் தகுதியில்லை’ என்று எழுதியிருந்தது. கொடைக்கானல் மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு கிளட்ச் மிதித்த இடது கால் இப்போது கணுக்காலில் மடங்குவதில்லை. அவர்கள் எழுதியது சரிதான். ஆனால் வேறு எந்த வேலை பார்க்கலாம் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. லைட் டூட்டி எதுவும் காலியில்லை என்று ஆபீசில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய டிரிப் ஷீட்டை எடுத்துப் பிரித்தார். அதன் பின்பக்கத்தில் டெப்போவில் இருக்கிற வேலை ஒவ்வொன்றையும் போய் நின்று பார்த்து எழுதியிருந்தார். டீசல் பங்க்: ராத்திரி முழுக்க நிற்கணும், தரை வழுக்கும். ஸ்டோர்: உட்காரலாம், ஆனால் ஏணி ஏறணும், ஸ்பிரிங் பட்டை தூக்கணும். செக்யூரிட்டி: ரவுண்டு நடக்கணும். கேஷ் செக்‌ஷன்: உட்கார்ந்த வேலை, மாடியில் இருக்கிறது. டைம் ஆபீஸ்: நாற்காலி, ஜன்னல் வழியாக டூட்டி போடுவது, ரிஜிஸ்டர் எழுதுவது, வாசலில் மூன்று படி, கைப்பிடி இல்லை.

“தம்பி, காலைத் தொங்கப் போட்டு எவ்வளவு நேரம் உட்காருவ? வீங்குதா?” என்று கேட்டு அதையும் குறித்துக்கொண்டார். அதுவரை எல்லாரும் என்னிடம் கேட்டது, இனி வண்டி ஓட்ட முடியுமா என்ற ஒன்றைத்தான். அவர் போன பிறகு என் மனைவி அழுதாள். எனக்கும் அன்றைக்குத்தான் மறுபடி வேலைக்குப் போவோம் என்று தோன்றியது.

அந்தத் தாளை வைத்துத்தான் மற்றதெல்லாம் நடந்தது. பிசியோதெரபி பார்த்த அம்மா, நான் எவ்வளவு நேரம் நிற்கலாம், எவ்வளவு எடை தூக்கலாம் என்பதைத் தனியாக எழுதிக் கொடுத்தார். சங்கத் தோழர்கள் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 20(4) பிரிவைக் காட்டி மனுப் போட்டார்கள். அரசு நிறுவனத்தில் பணியில் இருக்கும்போது உடல் ஊனமானவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவியில் இறக்கக் கூடாது. பழைய வேலை பார்க்க முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும், அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. இப்படி ஒரு பாதுகாப்பு இருப்பதே தெரியாமல் எத்தனை டிரைவர்கள் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்களோ! நினைத்தால் வயிறு எரிகிறது.

டைம் ஆபீஸ் படிக்குக் குழாய்க் கைப்பிடி வெல்டு வைத்த பாடி செக்‌ஷன் தம்பிகள், ஆஸ்பத்திரிக்கு மாறி மாறி ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டார், மகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டிய கண்டக்டர்கள், கேன்டீன் அக்கா, உங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு போடுகிறேன், மன்னிக்கணும்.

இனி நம்மில் யாருக்கு அடிபட்டாலும் அவருக்கான தாளை நான் எழுதுவேன். ராஜினாமாவோ விருப்ப ஓய்வோ, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். நடக்க முடியாவிட்டால் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன்.