பயத்துக்கு லேகியம் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரம்பூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முகூர்த்த சீசனும் முடிந்த கொஞ்ச நாளில், புதிதாகக் கல்யாணமான பையன்கள் கடை மூடும் நேரமாகப் பார்த்து வந்து, மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு, டாக்டர் சீட்டு இல்லாமல் சில்டெனாஃபில், அதாவது வயாகரா என்கிற விறைப்பு மாத்திரை, கேட்கிறார்கள். தர முடியாது என்றால் முகம் செத்துப்போகிறது. தனியாகக் கூப்பிட்டுப் பேசினால், பலருக்குச் சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை, தூங்கி எழும்போது விறைப்பு சரியாகவே இருக்கிறது. அப்படியானால் ரத்த ஓட்டமும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். குறுக்கே நிற்பது பயம்.

உடம்பு நிதானமாக இருந்தால்தான் விறைப்பு வரும். இன்றைக்கும் முடியாமல் போய்விடுமோ என்று மனசு தன்னையே வேவு பார்க்கத் தொடங்கினால் அட்ரினலின் சுரந்து அங்கே போகவேண்டிய ரத்தம் போகாது. முதல் நாள் வெறும் கல்யாண அசதியில் நடந்தது, மறுநாள் அந்த நினைப்பிலேயே நடக்கிறது, அப்புறம் படுக்கையறைக்குப் போகவே தயக்கம்.

இதற்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இருக்கிறது, சிபிடி என்பார்கள். 'ஒரு தடவை முடியவில்லை என்றால் நான் ஆம்பளையே இல்லை' என்ற எண்ணத்தை எழுதவைத்து, அது உண்மைதானா என்று நோயாளியையே அலசவைப்பார்கள். கூடவே, மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் 1970-ல் புத்தகமாகவே எழுதிய பயிற்சி ஒன்று: கொஞ்ச நாளைக்கு உடலுறவு வேண்டாம், கணவனும் மனைவியும் தொட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பிறகு படிப்படியாக. பாஸாக வேண்டிய பரீட்சையே இல்லை என்றானதும் பதற்றம் இறங்குகிறது. வலியாலும் பயத்தாலும் உறவே முடியாமல் தவிக்கிற பெண்களுக்கும் இதே வழியில் உதவி உண்டு, ஆனால் அவர்கள் என் கடைக்குக்கூட வருவதில்லை, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை, இதய நோய் இவற்றின் முதல் அறிகுறியாகவும் இது வரலாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் சில்டெனாஃபில் எடுத்தால் உயிருக்கே ஆபத்து.

மின்சார ரயில் பெட்டி முழுக்க 'ஆண்மைக்குறைவு, நரம்புத் தளர்ச்சி' நோட்டீஸ். பத்திரிகைகளின் வரி விளம்பரத்திலும் அதே கதை. பாலியல் சக்தியைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ம் வருடச் சட்டமே தடை செய்கிறது, ஆனாலும் லேகியத்துக்குப் பணத்தைக் கொட்டிவிட்டுத்தான் பையன்கள் என்னிடம் வருகிறார்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பெயரைச் சொன்னால், 'எனக்கென்ன பைத்தியமா சார்?' என்று கிளம்பிவிடுகிறார்கள். அவர்களிடம் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ எழுதிக் கொடுக்கிறேன், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

உங்கள் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில் இதை ஒரு மனநல டாக்டரை வைத்து எழுதுங்கள். கேட்பவர் பெயர் வேண்டாம், பதிலை மட்டும் மழுப்பாமல் போடுங்கள். அப்படியே அந்த வரி விளம்பரங்களையும் நிறுத்துங்கள்.

- ஒரு மருந்தாளுநர், பெரம்பூர், சென்னை